கடைசியாகக் கேட்ட தேதி

ஃபஹாஹீலில், கம்பளம் வெளுக்கும் கடைக்கு மேலே,
மூன்றாம் மாடியில்
எங்கள் பாட்டுக் கணக்கை எழுதிவந்த மென்பொருளுக்கு
அகாமா முடிந்துவிட்டது.
செய்தவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்:
இனிப் புதுப்பிப்பு கிடையாது.

இந்த ஊரில் இது புதிதில்லை.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து
எங்கள் காலாவதித் தேதிகளை ஒட்டியிருக்கிறோம்.
லைசென்ஸ், பாஸ்போர்ட், சலோமியின் நர்சிங் பதிவு,
அடியில் லபான் டப்பாவுக்கும் ஒன்று.
ஆனால் முடிந்த மறுநாளும் அது எழுந்துகொண்டது.
பாடியது.
கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மஸ்கட்டுக்கு மாறிப்போன உதுமான் போனில் சொன்னான்:
வைஃபையை அறுத்துவிடு. வெளியே விடாதே.
தாள் இல்லாதவனை வீட்டுக்குள் வைத்திருக்கிற மாதிரி
வைத்திரு, பொது மன்னிப்பு வரும்வரை.
சிரித்தோம்.
அப்படி ஏழு மாதம் எங்கள் ஹாலில் இருந்தவன் அவன்.

பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு.
பாதி அவனுடைய ஹார்ட் டிஸ்கிலிருந்து.
மீதி, வந்து தங்கிப் போனவர்கள்
வாடகைப் பாக்கிக்குப் பதிலாக விட்டுப்போனது
என்று வைத்துக்கொள்ளலாம்.
வகை என்ற கட்டத்தில்
மெல்லிசை, நாட்டுப்புறம் என்றெல்லாம் நாங்கள் போட்டதில்லை.
‘மீன் கழுவ’ என்று ஒன்று.
‘துணி மடிக்க’.
‘புழுதிக்காற்று, ஜன்னல் சாத்தியது’.
‘உதுமான் அழுதது’: இதில் மூன்றே பாட்டு,
மூன்றும் குத்துப்பாட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை புது மென்பொருளை இறக்கினேன்.
பாட்டெல்லாம் வந்து சேர்ந்தன, அட்டைப்படத்தோடு.
எங்கள் வகைகளைப் பார்த்து அது முகம் சுளித்தது,
மொத்தத்தையும் ‘மற்றவை’யில் தள்ளியது.
பிறகு, ரொம்பப் பணிவாக,
ஒற்றை நட்சத்திரம் வாங்கியவை இருநூற்று ஆறு,
உங்களுக்குப் பிடிக்காதவை,
நீக்கி இடத்தை மிச்சப்படுத்தட்டுமா என்று கேட்டது.

அதற்கு எப்படிச் சொல்வது.
எங்கள் வீட்டில் ஒற்றை நட்சத்திரம் என்றால்
சலோமி நைட் டூட்டி முடிந்து தூங்கும்போது
போடக் கூடாதது.
தவில் முழங்குவது, உறுமி இழுப்பது,
எட்டுக்கட்டையில் ஏறி இறங்க மறுப்பது.

வேண்டாம் என்று அழுத்திவிட்டுப் பழையதைத் திறந்தேன்.
அந்த இருநூற்று ஆறையும் கேட்ட கணக்கில் அடுக்கினால்
உச்சியில் வந்து நின்றது ஓர் உறுமிப் பாட்டு.
பாடியவர்: தெரியவில்லை. ஆல்பம்: தெரியவில்லை.
பெயர்: தடம் ஏழு.
கேட்டது: அறுநூற்றுப் பதினொரு தடவை.
நான் கேட்டது நாலோ ஐந்தோ இருக்கும்.
கடைசியாக: செவ்வாய், பிற்பகல் மூன்று நாற்பது.
நான் ரிஃபைனரியில் வால்வு எண்களை
எழுதிக்கொண்டிருந்த நேரம்.
லீவு நாளென்றால், அவள் தூங்குகிறாள் என்று
நான் கால்விரலில் நடக்கிற நேரம்.

கேட்டேன்.
பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
மேல்வீட்டில் டிரில் போடுகிறான்,
அந்தச் சத்தத்தை மறைக்கத்தான்.
சரி என்றேன்.
மேல்வீடு காலியாகி இரண்டு ரமலான் ஆகிறது.

லேப்டாப்பின் பேட்டரி உப்பிப்போய்க் கழற்றிவிட்டேன்.
உள்ளே காசு அளவில் இருக்குமே, அந்தக் குட்டி பேட்டரியும்
தீர்ந்துவிட்டது போல.
பிளக்கைப் பிடுங்கினால் போதும்,
தேதி இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி ஒன்றுக்குப் போய்
உட்கார்ந்துகொள்கிறது.
திருத்துவேன். மறுபடி போகும். விட்டுவிட்டேன்.
வெளியே போகாத ஒன்றுக்குச் சரியான தேதி எதற்கு.

இன்று பூட்ஸைக் கூடக் கழற்றாமல் திறந்தேன்.
தடம் ஏழு: அறுநூற்று முப்பத்திரண்டு.
கடைசியாகக் கேட்டது:
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டிப் பதினேழு நிமிடம்.
அப்போது எனக்கு அவளைத் தெரியாது.
அவளுக்கு இந்த நாட்டையே தெரியாது.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
இன்னும் நாலு நட்சத்திரம் சேர்க்கலாமென்று
அம்புக்குறியை அருகே கொண்டுபோனேன்.
சேர்த்தால் நான் பார்த்தது தெரிந்துவிடும்.
ஒன்றாகவே இருக்கட்டும்.
மூடிவிட்டு
பிளக்கைப் பிடுங்கிவைத்தேன்.